5.10 முதல் பால்

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் மருமகள் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகனுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, உங்கள் பேத்திக்கு இன்னும் நன்றாக இருக்கிறது, எனக்கு இருக்கிற அளவுக்கு இருக்கிறது. உங்கள் முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் அதனதன் இடத்தில் அடங்கிக் கிடக்கும் என்று நம்புகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த நீங்கள், முக்கியமான விஷயத்தைப் போனில் சொல்கிறவர்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். "போன்ல சொன்னா அது மூணாவது ஆளுக்கும் சொன்ன மாதிரிதான், அந்த மூணாவது ஆளா நானே இருந்திருக்கேன்" என்று என் கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். நேரம் ஆகிவிட்டது. பாப்பா தூங்கிவிட்டாள். அவள் எழுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் எழுத்து சற்றுக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்தில் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரு மாசம் பார்க்கிறேன். வேலைக்கோ பிள்ளைக்கோ ஒரு தடவை பிசகினாலும் எனக்கு ஒளிக்காம எழுது. நான் வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போறேன். காப்பகத்துல சேர்க்கிற வயசு வந்ததும் நானே கொண்டாந்து விடறேன்." இங்குள்ள குழந்தைகள் காப்பகத்தில் ஒரு வயது நிறைந்தால்தான் சேர்ப்பார்கள், நம் பாப்பாவுக்கு ஒன்பது மாதம், ஆக நடுவில் மூன்று மாதம். எழுதுகிறேன் என்று அப்போது தலையாட்டினேன். இப்போது எழுதுகிறேன். பிசகிவிட்டது, அத்தை.

எங்கே பிசகியது என்று சொல்வதற்கு முன் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் புரியாது. நான் பஸ் பணிமனையில் நாற்பத்து மூன்று டிரைவர்களுக்கு மறுநாள் யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலையை வீட்டிலிருந்தே பார்க்க மேலாளர் ஒரு மாதம் சோதனையாக அனுமதி கொடுத்தார். அதற்காகக் கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். எப்போதும் தோளில் ஒரு சுருள் ஒயரோடு திரிவதால் எல்லோரும் அவரை ஒயர் சார் என்பார்கள். பெட்டி, சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. உங்கள் மகன் அதைத் தூக்கிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார், அதான் இதோட பெருமை" என்றார் ஒயர் சார். உங்கள் மகனுக்கு முகம் மாறிவிட்டது. ஒன்றும் இல்லாததைக் கொடுத்துவிட்டு ஒருவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதை அவர் அன்றுதான் பார்த்தார்.

உண்மையிலேயே அதற்குள் ஒன்றும் இல்லை. நீங்கள் இணைப்பகத்தில் உட்கார்ந்து ஒயரை மாட்டுவீர்களே, பேசுகிறவர் எங்கோ, கேட்கிறவர் எங்கோ, உங்கள் பலகையில் இருப்பது வெறும் துளை. அது மாதிரிதான். என் கணினி, என் பட்டியல்கள், என் கோப்புகள் எல்லாம் பணிமனையின் கீழ்த்தளத்தில் பூட்டிய அறைக்குள் ஒரு பெரிய இயந்திரத்தில் இருக்கின்றன. அதை சர்வர் என்கிறார்கள். எங்கள் வீட்டு மேசையில் இருப்பது அதற்கு ஒரு ஜன்னல். நான் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கேதான் நகர்கிறது, இங்கே எழுதினால் அங்கேதான் எழுதப்படுகிறது. எனக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை இந்தப் பெட்டியில் செருகினால் என் திரை இங்கே வரும். உருவிக்கொண்டு போய் அலுவலகத்திலுள்ள எந்தப் பெட்டியில் செருகினாலும் விட்ட இடத்திலிருந்து அதே திரை அங்கே வரும். இதை நான் உங்களுக்கு எவ்வளவு தெளிவாக விளக்குகிறேன் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எனக்கு அது நினைவில் இல்லாமல் போனதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

முதல் வாரம் பூட்டுப் பிரச்சினை. பத்து நிமிஷம் மவுஸ் அசையாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்கப் பதினொரு எழுத்துப் பாஸ்வேர்ட் போட வேண்டும், மூன்று தடவை தப்பாகப் போட்டால் ஒயர் சார் வந்துதான் திறக்க வேண்டும். பாப்பா பால் குடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆகும், அதில் பதினைந்து நிமிஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசிப்பாள். ஒரு கை அவள் தலைக்கு, ஒரு கை அவள் முதுகுக்கு, மீதி இருப்பது கால். மவுஸைத் தரையில் வைத்துக் கட்டைவிரலால் ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை தள்ளிவிடுவேன். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் கட்டைவிரல் தள்ளுவதோடு நிற்காமல் அழுத்தியும் விட்டது போலிருக்கிறது. ஹார்ன் அண்ணன் என்று ஒரு டிரைவர், சந்து திரும்பக்கூட மூன்று தடவை ஹார்ன் அடிப்பவர். அவருக்கு அடுத்தடுத்து மூன்று இரவுக் கடைசி வண்டி விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் போன் செய்து, "அம்மா, நான் உங்களுக்கு ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டார். "இல்லண்ணா, அது என் கால் பண்ணினது" என்று சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு அடுத்த வாரம் முழுக்கக் காலை வண்டி போட்டேன். அதற்கு மற்ற டிரைவர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

அப்புறம், ஏதாவது சிக்கல் வந்தால் ஒயர் சார் அங்கிருந்தே என் திரையைப் பார்ப்பார். திரையைத்தான் பார்ப்பார், நம்மைப் பார்க்க முடியாது. இதை உங்கள் மகனிடம் எத்தனை தடவை சொன்னாலும், குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து பனியனோடு நடமாடுகிறவர், அந்த மேசைப் பக்கம் போகும்போது மட்டும் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். "அது நம்மளைப் பார்க்காதுங்க" என்றால், "எதுக்கு வம்பு" என்கிறார். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு போய்த்தான் தண்ணீர் குடிக்கிறார்.

இரண்டாம் வாரம் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் ஒளிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். வியாழக்கிழமைதோறும் நான் நேரில் போய் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. உங்கள் மகனுக்கு அன்று வார விடுப்பு, பாப்பாவை அவர் பார்த்துக்கொள்வார். அந்த வியாழன் மேலாளர், "அடுத்த வாரப் பட்டியலைக் காட்டுங்கம்மா" என்றார். நான் அவர் மேசையிலிருந்த பெட்டியில் என் அட்டையைச் செருகினேன். வீட்டில் நான் விட்டுவந்த திரை அப்படியே அவர் முன்னால் வந்து நின்றது. வீட்டில் நான் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தது பட்டியல் இல்லை. குழந்தைக்கு இரண்டு நாளாகப் பச்சையாகப் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான விளக்கம், படங்களோடு. மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என் பையனுக்கும் இருந்துச்சு. தானா சரியாயிடும். பயப்படாதீங்க" என்றார். பிறகு அதே குரலில், "இப்ப பட்டியல்" என்றார். அவர் நல்லவர் அத்தை. அதனால்தான் இப்போது நடந்தது எனக்கு அதிகமாக வலிக்கிறது.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிற பொருளைப் பற்றிக் குறையாகவே எழுதக் கூடாது. மூன்றாம் வாரம் ஒரு நாள் பட்டியல் முக்கால்வாசி முடிந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. திரை கறுத்துவிட்டது. முப்பத்திரண்டு டிரைவர்கள் போயே போய்விட்டார்கள் என்று நினைத்து, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே அழுதேன். என்னைப் பார்த்து அவளும் அழுதாள். எதற்கென்றே தெரியாமல் அவள் என்னைவிட நன்றாக அழுதாள். நாற்பது நிமிஷம் கழித்து விளக்கு வந்தது. அட்டையைச் செருகினால், முப்பத்து மூன்றாவது பெயரில் நான் பாதி எழுதி நிறுத்திய எழுத்துக்குப் பக்கத்தில் கோடு மின்னி மின்னி நிற்கிறது. எதுவும் போகவில்லை. இங்கே இருட்டியது இங்கே மட்டும்தான், அங்கே எல்லாம் அப்படியே எனக்காகக் காத்திருந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு தைரியம் வந்தது. இந்த மூன்று மாதத்தைத் தாண்டிவிடலாம், பாப்பாவை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்று அன்றுதான் முதன்முதலாக நம்பினேன். நம்பிய பத்தாவது நாள் இது நடந்தது.

நேற்று புதன்கிழமை. மறுநாள் வியாழன், நான் அலுவலகம் போக வேண்டும், உங்கள் மகன் பாப்பாவோடு தனியாக இருக்க வேண்டும். போன வாரம் அவர் அவளை இரண்டு தடவை குளிப்பாட்டிவிட்டு ஒரு தடவை சாப்பாடு கொடுத்திருந்தார். எனவே இந்த வாரம் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த பட்டியல் ஒன்றுதான். பணிமனைப் பட்டியல் படிவத்தையே திறந்து, டிரைவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பாப்பாவின் நாளை நிரப்பினேன். இப்படி:

4.50 விழிப்பு. சத்தம் இருக்கும், பதற வேண்டாம்.
5.10 முதல் பால். அவசரப்படுத்தக் கூடாது.
5.40 தோளில் தட்டவும். ஏப்பம் வராமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.
7.30 குளியல். ஒரு தடவை மட்டும்.
8.15 கேரட் மசியல். துப்பினால் மறுபடி கொடுக்கவும்.
9.30 முதல் 11.30 வரை தூக்கம். யார் வந்தாலும் எழுப்பக் கூடாது.

அடியில், "அழுகை வந்தால் முதலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும்" என்று குறிப்பு. மேலே தலைப்பைப் படிவமே போட்டுக்கொள்ளும்: பணிமனைப் பெயர், தேதி, "அனைத்து ஓட்டுநர்களுக்கும் நாளைய பணிப் பட்டியல்". அதை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மகனுக்கு ஒரு கண்டிப்பு இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

வழக்கமாகப் பட்டியலை 'அனுப்பு' என்று அழுத்துவதோடு என் வேலை முடிந்துவிடும், அன்றுதான் முதன்முதலாக 'அச்சிடு' என்பதை அழுத்தினேன். எங்கள் வீட்டு அலமாரியில் உங்கள் மகனின் பழைய பிரிண்டர் இருக்கிறதே, அது அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். அசையவில்லை. மூன்றாம் தடவை அழுத்திவிட்டு எழுந்து போய் அதன் முதுகில் தட்டினேன். பாப்பா அழ ஆரம்பித்தாள். சரி, கையால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இங்கே நடப்பதெல்லாம் அங்கேதான் நடக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு முன்னால் உங்களுக்குப் பாடம் நடத்தினேன் அல்லவா? பாடம் நடத்தத் தெரிந்தவளுக்கு, பிரிண்டரும் அங்கேதான் ஓடும் என்று தோன்றவில்லை. பணிமனை அலுவலகத்தில் பாப்பாவின் நாள், மூன்று பிரதி, சூடாக வந்து விழுந்திருக்கிறது. விதிப்படி பணிப் பட்டியலும் மூன்று பிரதிதான். ஒன்று பணிமனைப் பலகைக்கு, ஒன்று பஸ் நிலையத்துப் பலகைக்கு, ஒன்று கோப்புக்கு.

இன்று விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிஷம் இருக்கும். பாப்பா மடியில், நான் அரைத் தூக்கத்தில். போன் அடித்தது. மூணாம் கியர் அண்ணன். எந்தச் சாலையிலும் மூன்றாவது கியருக்கு மேல் போகாதவர், எதிலும் அவசரம் கிடையாது.

"அம்மா, வணக்கம். அந்தப் பால் எப்ப வரும்?"

பாப்பாவின் பாலை இவர் ஏன் கேட்கிறார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. "இதோ குடுத்துக்கிட்டுதான்ணா இருக்கேன். இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்" என்றேன்.

"ஆகட்டும்மா, ஆகட்டும். அவசரப்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே. நாங்க இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாற்பத்து மூன்று பேரில் அந்த நேரத்து ஆட்கள் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் பணிமனைக் கேன்டீன் வாசலில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஓட்டுநர்களின் உடம்பைப் பற்றி நிர்வாகம் ஒரு தாளில் அக்கறை காட்டியது இதுதான் முதல் தடவை, அதை விட்டுவிடக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். கேன்டீன்காரர், "எனக்கு ஆர்டர் வரலை" என்றிருக்கிறார். "எங்களுக்கு வந்திருக்கே" என்று பலகையைக் காட்டியிருக்கிறார்கள். "பட்டியல் போடற அம்மாவே போன்ல சொல்லிட்டாங்க, இருபத்தஞ்சு நிமிஷத்துல குடுக்கறாங்க" என்று மூணாம் கியர் அண்ணன் உறுதி கொடுத்திருக்கிறார். கடைசியில் கேன்டீன்காரர் தேநீருக்கு வைத்திருந்த பாலை எல்லாம் காய்ச்சி ஊற்றிக் கொடுத்துவிட்டார். குடித்துவிட்டு, தாளில் இருக்கிறபடி ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, எந்த வண்டி யாருக்கு என்று தெரியாமல் முந்தின நாள் ஓட்டிய வண்டியையே எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மணி ஐந்து ஐம்பத்தைந்து. முதல் வண்டி 5.10க்குப் போயிருக்க வேண்டும். அந்த வண்டிக்கு மருத்துவமனைப் பணிப்பெண்கள் பன்னிரண்டு பேர் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட எனக்கு முகம் இருந்திருக்கும். பணிமனைப் பலகையில் இருந்ததை ஆறு மணிக்குக் கிழித்தவர்கள், பஸ் நிலையத்துப் பலகையை மறந்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு நிலையத்தில் ஏழு வண்டிகள் நின்றுவிட்டன. டிரைவர்கள் பின் இருக்கையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ஹார்ன் அண்ணனைத் தட்டியிருக்கிறார். அவர் கண்ணைத் திறக்காமலே, "பதினொண்ணரைக்கு வாங்கய்யா. யார் வந்தாலும் எழுப்பக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு" என்றிருக்கிறார். எனக்கு இதையெல்லாம் போனில் சொன்னது அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அக்கா. அழுதுகொண்டே சொன்னாள் என்று நினைத்தேன், இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

மேலாளர் காலையிலேயே பேசிவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இன்னிக்கு வர வேண்டாம்மா. நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை. பெட்டியோட வாங்க" என்றார். அவ்வளவுதான். பெட்டியோடு வரச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்கும் தெரியும். நாளை முதல் பழையபடி எட்டரை மணிக்கு நான் என் நாற்காலியில் இருக்க வேண்டும். இருந்தால் பாப்பா எங்கே இருப்பாள்?

உங்கள் மகனிடம் சொன்னேன்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"எழுதறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"எழுது. போஸ்ட் பண்ணாத."

"அது எப்படிங்க எழுதின மாதிரி ஆகும்?"

"எழுதறேல்ல? அப்ப எழுதின மாதிரிதான் ஆகும்" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.

ஆகவே அத்தை, நீங்கள் சொன்னதுதான் சரி. இந்த ஊரில் இவ்வளவு பேர் நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பதும், ஒரு குழந்தை நேரத்துக்குப் பால் குடிக்க வேண்டும் என்பதும் ஒரே மேசையில் நடக்கிற காரியம் இல்லை. அடுத்த வாரம் உங்களுக்குத் தோதான நாளில் வந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுடைய பையைக் கட்டிவிட்டேன். மஞ்சள் சட்டையில் பொத்தான் ஒன்று தளர்ந்திருக்கிறது, அதைப் பிடுங்கி வாயில் போடப் பார்ப்பாள், கவனம். இடது பக்கம் படுக்கவைத்தால்தான் தூங்குவாள். தூங்குவதற்கு முன் உங்கள் காது மடலைப் பிடித்துக்கொள்வாள், கம்மல் போடாதீர்கள். "ம்மா" என்று ஒரு சத்தம் போடுகிறாள், நான்கு நாளாகத்தான். அது என்னைக் கூப்பிடுவதா, வாயில் வருகிற சத்தமா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. நீங்கள் அழைத்துப் போன பிறகு தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

மூன்று மாதம்தான். தொண்ணூறு நாள். நான் பட்டியல் போடுகிறவள், தொண்ணூறு நாள் எனக்குப் பெரிதில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் எங்கள் மூவரின் வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுங்கள், பயணத்துக்கு முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆசி எனக்கும் என் பெண்ணுக்கும் எப்போதும் வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
மருமகள்

பி.கு. இன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம். காலையில் இதைத் தபாலில் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன், வழியில் தபால் பெட்டியில் போட முடியவில்லை, ஒரு கையில் அந்தப் பெட்டி, ஒரு கையில் பாப்பா. வார விடுப்பு முடிந்து நேற்றிரவே வேலைக்குப் போன உங்கள் மகன் காலையில் வந்து தூங்கிவிட்டார், அதனால் விசாரணைக்கு அவளையும் தூக்கிக்கொண்டு போனேன். மேலாளர், ஒயர் சார், பக்கத்து மேசை அக்கா மூவரும் இருந்தார்கள். மேலாளர் அறிக்கையின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார், "பட்டியல் எழுத்தரின் கவனக்குறைவால்" என்று ஆரம்பித்தது. நான் ஒத்துக்கொண்டேன். சரியான பட்டியலை அனுப்பிய நினைவே எனக்கு இல்லை, அதை அனுப்பாமல் வேறொன்றை அனுப்பிவிட்டேன் என்று நானே சொன்னேன்.

"இல்லையே" என்றார் ஒயர் சார். எல்லாம் சர்வரில்தான் நடக்கிறது என்பதால் நடந்ததெல்லாம் அங்கே பதிவாகியும் இருக்கிறதாம். ஒரு தாளை எடுத்து வைத்தார். "புதன் சாயங்காலம் 5.42. சரியான பட்டியல், மூணு பிரதி, அச்சாகியிருக்கு. அதுக்கப்புறம் 5.51, 5.51, 5.52. அது குழந்தையோடது. ரெண்டுமே ஒரே தட்டுலதான் விழுந்திருக்கு. கீழ சரியானது, மேல குழந்தை."

"அப்ப மேல இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பியூனைக் கூப்பிடுங்க."

"பியூன் புதன்கிழமை லீவு சார்" என்றாள் அக்கா.

அக்கா எழுந்து போய்க் கோப்பை எடுத்துவந்து மூன்றாவது பிரதியைப் பிரித்து வைத்தாள். கடைசியில், "அழுகை வந்தால் முதலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும்" என்பதற்கு நேர் கீழே, மேலாளரின் கையெழுத்து. முத்திரை. தேதி. பக்கத்தில் அவர் கையால், "அனைவரும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதை நான் படிச்சேனா?"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்" என்றாள் அக்கா, மரியாதையாக.

"விசாரணைன்னு மேல அனுப்பினா, இந்தத் தாளும் கூடவே போகணும் சார், இணைப்பு ஒண்ணுன்னு" என்றார் ஒயர் சார்.

பாப்பா என் இடுப்பிலிருந்து எட்டி மேசையைத் தட்டினாள். மேலாளர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அறிக்கையின் முதல் பக்கத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பெட்டியை எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?"

"நீங்கதான் சார் வரச் சொன்னீங்க."

"வீட்டுக்குப் போய் மாட்டுங்க. இன்னிக்குப் பட்டியல் அஞ்சே முக்காலுக்குள்ள வந்தாகணும். வீட்லேர்ந்து அச்சிடற அனுமதி மட்டும் ரத்து, இங்க அக்கா எடுத்துக்குவாங்க. மூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது." நான் வாசல் வரை வந்த பிறகு, "பச்சையாப் போனது சரியாச்சா?" என்று கேட்டார். ஆயிற்று என்றேன்.

எனவே மேலே ஏழு பக்கம் எழுதியிருப்பதில் நடந்தவை எல்லாம் உண்மை, முடிவு மட்டும் பொய். எழுதுவேன் என்று சொன்னதால் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். வரச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இனி ஒரு தடவை பிசகினாலும் எழுதுவேன், ஆனால் பாப்பாவைத் தர மாட்டேன். அது அங்கே நின்ற இடத்தில்தான் எனக்கே தெரிந்தது, அவர்கள் மூவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இவளை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், இவள் என் கழுத்தில் கடித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை. கட்டாயம் வாருங்கள், பத்து நாள் இருங்கள், பார்க்க வாருங்கள். தூக்கிப் போக வர வேண்டாம்.